வழக்குரை காதையைக் கதையாகச் சொல்லாமல் ஆராய்ந்து எழுதுவது எப்படி?

பீர்மேடு வட்டத்தில் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, இப்போது இளங்கலைத் தமிழ் பயிலும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை எடுத்துக்கொண்டு பாத்திரப் படைப்பு, மொழிநடை, உட்பொருள் ஆகிய மூன்றையும் ஆராய்ந்து எழுதச் சொன்னார்களாம், பத்துப் பக்கத்துக்குக் குறையாமல் எழுதியும், "கதையைத்தான் சொல்லியிருக்கிறாய், ஆய்வு எங்கே?" என்ற குறிப்போடு தாள் திரும்பி வந்துவிட்டதாம். கதையைச் சொல்லாமல் ஆராய்வது எப்படி என்று கேட்கிறார். குமுளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

மூன்றையும் மூன்று தனிக் கேள்விகளாகப் பிரித்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அப்படிப் பிரித்தால் பாத்திரம் என்ற தலைப்பின் கீழ் "கண்ணகி கற்பில் சிறந்தவள், பாண்டியன் நீதிமான்" என்று பண்புப் பெயர்களை அடுக்குவோம். மொழி என்ற தலைப்பின் கீழ் அணிகளின் பெயர்களை எழுதுவோம். உட்பொருள் என்ற தலைப்பின் கீழ் நூலின் முன்னுரையான பதிகத்தில் உள்ள மூன்று உண்மைகளை ஒப்பிப்போம். இவற்றில் எதற்கும் நூலைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. கைடு ஒன்று போதும். காப்பியத்தில் ஒரு மனிதரை நாம் அறிவது அவர் பேசும் பேச்சாலும், அவரைப் பற்றிப் பிறர் பேசும் பேச்சாலும், பேச வேண்டிய இடத்தில் அவர் பேசாமல் விட்டதாலும்தான். ஆகவே மொழிதான் சான்று, பாத்திரம் அந்தச் சான்றிலிருந்து நாம் பெறும் முடிவு, உட்பொருள் அத்தகைய முடிவுகள் பலவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கும்போது எஞ்சி நிற்பது. ஒரே பேச்சை எடுத்துக்கொண்டு மூன்றையும் அதிலேயே பார்க்கப் பழக வேண்டும்.

நூலின் 30 காதைகளில் வழக்குரை காதை 20ஆவது. மதுரைக் காண்டத்தில் வருவது. கோவலன் கொலையுண்ட பிறகு, எஞ்சிய ஒற்றைச் சிலம்பை ஏந்திக் கண்ணகி அரண்மனை வாயிலுக்கு வருகிறாள். விடையில் கதை இவ்வளவு இருந்தால் போதும். படிப்பவர் ஆசிரியர், கதை அவருக்குத் தெரியும்.

வாயிற்காவலனின் பேச்சிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான மாணவர்கள் அவனை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவன் அரசனிடம் ஓடிப்போய், "வாழி எம் கொற்கை வேந்தே வாழி" என்று தொடங்கி, "பழியொடு படராப் பஞ்சவ வாழி" என்று முடிக்கிறான். பழி வந்து வாயிலில் நிற்கும் நேரத்தில் ஒருவன் இப்படி வாழ்த்துகிறான் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வந்திருப்பவள் யார் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கொற்றவையும் அல்லள், கானகத்தை விரும்பிய காளியும் அல்லள், "தாருகன் பேருரம் கிழித்த பெண்ணும் அல்லள்" என்று ஒவ்வொரு தெய்வமாகச் சொல்லி விலக்குகிறான். விலக்குகிறானே தவிர, கேட்பவர் மனத்தில் அத்தனை தெய்வங்களையும் கண்ணகிக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான். "செற்றனள் போலும், செயிர்த்தனள் போலும்" என்ற தயக்கத்துக்குப் பிறகுதான், "கணவனை இழந்தாள் கடையகத்தாளே" என்ற மனித உண்மை வெளிவருகிறது. அரசன் முன்னால் கண்ணகி இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவளைப் பற்றிய அச்சம் அவளுக்கு முன்பாகவே அவைக்குள் நுழைந்துவிட்டது. பின்னால் அவள் தெய்வமாவதற்குக் கவிஞர் இங்கேயே வழி செய்துவிட்டார்.

இந்த இடத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. தாருகனைக் கொன்ற காளி மதுரையிலும் சென்னையிலும் படிக்கும் மாணவருக்கு அடிக்குறிப்பில் வரும் ஒரு பெயர். இடுக்கி, கோட்டயம், எறணாகுளம் பகுதிப் பகவதி கோயில்களில் முடியேற்றுப் பார்த்த பிள்ளைக்கோ அவள் தீப்பந்த வெளிச்சத்தில், செண்டை முழக்கத்துக்கு நடுவில், தாரிகனைத் துரத்திக்கொண்டு நேரில் ஓடிவந்தவள். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற கலை என்று எழுதுவதைவிட, அந்த ஆட்டத்தில் காளி ஆவேசத்தோடு கூட்டத்துக்குள் வரும்போது மக்கள் எப்படி விலகி வழிவிடுகிறார்கள் என்பதை நினைவில் கொண்டு காவலனின் நடுக்கத்தை விளக்குவது நல்ல ஆய்வு. கேரளத்தில் படிப்பதால் தமிழ் இலக்கியத்தில் தாங்கள் பின்தங்கியவர்கள் என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் உண்டு. சேரநாட்டுத் துறவி எழுதிய நூலைப் பொறுத்தவரை அந்த எண்ணத்துக்கு இடமே இல்லை.

இனி விளிகளைக் கவனியுங்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால் இந்தக் காதையின் பாதி ஆய்வு முடிந்துவிடும். அரசன் முதலில், "நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய், யாரையோ நீ மடக்கொடியோய்" என்கிறான். இரக்கம் இருக்கிறது, ஆனால் அழும் பெண் ஒருத்திக்கு ஆறுதல் சொல்லி அனுப்பிவிடலாம் என்ற மேலிடத்து இரக்கம் அது. அதற்கு விடையாக வரும் முதல் இரண்டு சொற்கள், "தேரா மன்னா". மதிப்பு மொழியோ வணக்கமோ முன்னுரையோ ஒன்றும் இல்லை. வழக்கின் தீர்ப்பையே விளியாக்கி அரசன் மேல் வைத்துவிட்டாள்.

பலரும் இங்கே "கண்ணகியின் வீரம் வெளிப்படுகிறது" என்று எழுதி நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் நான்கு காதைகள் பின்னோக்கிப் போங்கள். கொலைக்களக் காதையில் அரசன் கட்டளையிடும் இடத்தைக் கவிஞர் இப்படிச் சொல்கிறார்: "வினைவிளை காலம் ஆதலின், யாவதும் சினையலர் வேம்பன் தேரானாகி". ஆராயாதவன் என்று அரசன் மேல் கவிஞர் தம் குரலில் வைத்த குற்றத்தை, அரண்மனைக்குள் நடந்த எதையும் அறியாத கண்ணகி அதே சொல்லால் அவையில் எடுத்து வைக்கிறாள். கவிஞரின் குரலும் பாத்திரத்தின் குரலும் ஒன்றாகும் இடம் இது. நூலாசிரியர் யார் பக்கம் நிற்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஒரு சொல் இரண்டு இடங்களில் வருவதைக் கண்டுபிடித்து, அதனால் என்ன பொருள் பிறக்கிறது என்று நான்கு வரி எழுதினால், உங்கள் ஆசிரியர் கேட்ட ஆய்வு அதுதான்.

இப்படிப்பட்ட எதிரொலிகள் இந்தக் காதை முழுவதும் உண்டு. காவலன் "பழியொடு படராப் பஞ்சவ", "கொற்கை வேந்தே" என்றெல்லாம் வாழ்த்தினான் அல்லவா? கண்ணகி இரண்டாம் முறை அரசனிடம் பேசுகையில், "நற்றிறம் படராக் கொற்கை வேந்தே" என்கிறாள். அதே பட்டம், அதே வினை. வாழ்த்து மட்டும் குற்றச்சாட்டாக மாறிவிட்டது. பாண்டியனுக்கு எத்தனையோ பட்டங்கள் இருக்கக் கொற்கையைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. கொற்கை முத்துக்குப் பெயர்பெற்ற துறை. அடுத்த நொடியிலேயே அரசன் வாயிலிருந்து, "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்று வழக்கை முடித்துவைக்கும் சொல் வருகிறது. கண்ணகியின் சிலம்பில் மணி, கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து. "கொற்கை" என்ற விளி அந்த முத்தை முன்னதாகவே அவைக்குக் கொண்டுவந்துவிட்டது.

கண்ணகி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் பகுதியை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். "யார் நீ?" என்று கேட்ட அரசனுக்குத் தன் பெயரை அவள் கடைசி அடியில்தான் சொல்கிறாள். முதலில் வருவது புறாவின் துயர் தீர்த்த சோழன். அடுத்து, "வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சு சுட"த் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன். கடைமணி என்பது ஓரிடத்தில் வாயிலில் தொங்கும் மணி, மறு இடத்தில் பசுவின் கடைக்கண் மணி. இதை வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். காதையின் தொடக்கத்தில் கோப்பெருந்தேவி கண்ட தீக்கனாவிலும் நடுங்கி ஒலிப்பது கடைமணியின் குரலே. சோழன் மணி ஒலித்தபோது எழுந்து போய் விசாரித்தான். பாண்டியன் அரண்மனையில் மணி கனவில் ஒலித்தும் பயனில்லை. ஊரைச் சொல்வதுபோல் தொடங்கி, அரசன் என்பவன் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகோலை அவன் எதிரிலேயே நட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் மாமன் பெயர், கணவன் பெயர், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் "கண்ணகி என்பதென் பெயரே". கணவனை இழந்து அழுதுகொண்டு வந்தவள் என்று அவை நினைத்திருக்க, அவள் வாதத்தை அடுக்கும் முறை தேர்ந்த வழக்குரைஞரின் முறையாக இருக்கிறது.

இந்தப் பேச்சின் வலிமை, அதற்கு முன் அவள் காத்த மௌனத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். கனாத்திறம் உரைத்த காதையில், கோவலன் பொருளெல்லாம் தொலைத்துத் திரும்பி வந்து, வறுமை தனக்கு நாணம் தருகிறது என்கிறான். அவள் "நலங்கேழ் முறுவல் நகைமுகம் காட்டிச் சிலம்புள கொண்ம்" என்கிறாள். சில சொற்களிலேயே முடியும் அந்த முறுவலை 'பொறுமை' என்று எழுதிவிட்டுப் போவது எளிது. மாதவிக்குக் கொடுக்கப் பொருள் கேட்கிறான் என்று எண்ணிக்கூட அவள் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தால் அந்தச் சிரிப்பின் கனம் வேறு. கொலைக்களக் காதையில், அவன் தன் பிழையை எண்ணி வருந்தி, "எழுகென எழுந்தாய், என் செய்தனை" என்று கேட்கும்போது, "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று நேராகவே சொல்லிவிடுகிறாள். ஆகவே வாய் பேசாத பெண் திடீரென்று சீறினாள் என்று எழுதுவது நூலுக்குப் பொருந்தாது. சொல்ல வேண்டியதைச் சொல்லத் தெரிந்தவள்தான். யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதை அளந்து சொன்னவள்.

பாண்டியனைப் பற்றி இரண்டு வகைத் தாள்களே வருகின்றன. ஒரு வகையில் அவன் கொடுங்கோலன், இன்னொரு வகையில் நீதிக்காக உயிர்விட்ட உத்தமன். இரண்டுமே நூலில் பாதியைப் படித்த விடைகள். கட்டளை பிறந்த சூழலைப் பாருங்கள்: ஆடல் மகளிர் அரசன் உள்ளத்தைக் கவர்ந்தனர் என்று தேவி ஊடி, தலைநோவு என்று சொல்லிப் போய்விட, அவளைத் தணிவிக்கப் போகும் வழியில் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அந்த அவசரத்தில் இட்ட கட்டளையிலும், "கன்றிய கள்வன் கையதாகில்" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. நிபந்தனையை வைத்தவன் அதைச் சரிபார்க்கும் வேலையைக் காவலரிடமும் பொற்கொல்லனிடமும் விட்டுவிட்டான். அவன் பிழை அங்கே இருக்கிறது. அவையில், "கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று" என்று பொது விதியைச் சொல்கிறானே தவிர, நான் விசாரித்தேன் என்று அவனால் சொல்ல முடியவில்லை. சிலம்பு உடைந்து மணி தெறித்தபின், அவன் வாயில் வருவது "யானோ அரசன், யானே கள்வன்". கோவலனுக்குச் சூட்டிய பெயரைத் தானே எடுத்துச் சூட்டிக்கொள்கிறான். 'யானோ' என்பதில் உள்ள ஓகாரம் அரச பதவியை மறுக்க, 'யானே' என்பதில் உள்ள ஏகாரம் குற்றத்தை உறுதியாக்குகிறது. ஓரெழுத்தில் ஒருவன் சாட்சிக் கூண்டிலிருந்து குற்றவாளிக் கூண்டுக்கு மாறிவிடுகிறான். இவ்வளவையும் எழுதிய பிறகு, வஞ்சிக் காண்டத்தில் சேரன் செங்குட்டுவன் சொல்லும் தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளலாம்: "வல்வினை வளைத்த கோலை மன்னவன் செல்லுயிர் நிமிர்த்துச் செங்கோல் ஆக்கியது". கோல் வளைந்ததும் உண்மை, உயிர் அதை நிமிர்த்தியதும் உண்மை என்று இரண்டையும் ஒரே தொடரில் சொல்வது இன்னொரு நாட்டு அரசன் என்பதையும் மறவாதீர்கள்.

கோப்பெருந்தேவிக்கு விடைத்தாள்களில் இடமே இருப்பதில்லை. அரசன் விழுந்தபின் அவள் நிலையைக் கவிஞர், "கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்" என்ற சொற்களால் காட்டுகிறார். காவலன் கண்ணகியைப் பற்றிச் சொன்ன அதே "கணவனை இழந்த" என்ற தொடர், காதை முடிவதற்குள் அரண்மனைக்குள்ளேயே வந்துவிட்டது.

அணிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணியின் பெயரைச் சொல்வது ஆய்வின் தொடக்கம் மட்டுமே. மதுரைக் கோட்டைக் கொடிகள், "வாரல்" என்று கை காட்டுவதுபோல் அசைந்தன என்பது தற்குறிப்பேற்றம் என்று எல்லாரும் எழுதுவார்கள். அந்த அணி என்ன வேலை செய்கிறது? வரப்போகும் கேட்டைப் படிப்பவருக்குச் சொல்லிவிட்டு, கோவலனுக்கும் கண்ணகிக்கும் சொல்லாமல் மறைக்கிறது. சற்று முன்னால் வையை தன் கண்ணீரைப் பூவாடையால் மறைத்துக்கொள்ள, அவர்கள் இருவரும், "புனல்யாறு அன்று இது பூம்புனல் யாறு" என்று வியந்து தொழுகிறார்கள். துயரைப் பூவால் மறைத்த ஆற்றையும், துயரை முறுவலால் மறைத்த பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருணனைப் பகுதி என்று நாம் தாண்டிப்போகும் அடிகள் பாத்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது தெரியும். (1895 முதல் பெரியாற்று நீர் நம் தேக்கடிச் சுரங்கம் வழியாகத்தான் வைகைக்குப் போகிறது; அந்த ஆற்றை நம் பிள்ளைகள் அயலூர் ஆறாக நினைக்க வேண்டியதில்லை.)

உட்பொருளுக்கு வருவோம். அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாகும், உரைசால் பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும் என்று பதிகம் மூன்றைத் தருகிறது. இவற்றை விடையின் முடிவாக வைக்காதீர்கள்; கேள்வியாக வையுங்கள். எல்லாம் ஊழின் செயல் என்றால் பாண்டியன் மேல் என்ன குற்றம்? அவன் குற்றவாளி என்றால் ஊழுக்கு என்ன வேலை? மதுராபதித் தெய்வம் கட்டுரை காதையில் சொல்லும் முற்பிறப்புக் கதை இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது: முற்பிறப்பில் கோவலன் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலைக்கு ஆளாக்கினான் என்று அங்கே கேட்கிறோம். இப்போது மேலே பார்த்த அடிக்குத் திரும்புங்கள். "வினைவிளை காலம் ஆதலின்" என்பதும் "தேரானாகி" என்பதும் ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவையில் கண்ணகியின் பேச்சிலும் இப்படித்தான்: "தேரா மன்னா" என்று தொடங்கியவள், அதே பேச்சில் கோவலன் "ஊழ்வினை துரப்ப" மதுரைக்கு வந்ததாகச் சொல்கிறாள். ஊழை ஏற்றுக்கொண்டே அரசனைக் குற்றம் சாட்டுகிறாள். ஒன்று மற்றொன்றுக்குச் சாக்காகவில்லை. அரசனும், விதி என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தும், "என்முதற் பிழைத்தது" என்கிறான். வினை நடத்தியது என்பதற்காக மனிதர் செய்த பிழை பிழையல்லாமல் போவதில்லை என்பதே இந்தக் காதையின் நிலைப்பாடு என்று நான் படிக்கிறேன். நீங்கள் வேறு விதமாகப் படிக்கலாம். அடிகளைக் காட்டி நிறுவினால் எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்.

உரைகளைப் பற்றி ஒரு சொல். அடியார்க்கு நல்லார் உரை இன்று நமக்குக் கிடைப்பது கானல்வரி நீங்கலாக ஊர்சூழ்வரி வரைதான். வழக்குரை காதைக்கு அவர் துணை இல்லை. அரும்பதவுரையும் ந. மு. வேங்கடசாமி நாட்டாரின் உரையும் கையில் இருந்தால் போதும். ஆனால் மூலத்தை உரக்க இரண்டு முறை படித்த பிறகே உரையைத் திறக்க வேண்டும். விளிகளும் எதிரொலிகளும் முதலில் காதில்தான் படும்.

இன்னொன்றையும் எல்லைப்புற மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேரர் தலைநகரான வஞ்சி கருவூரா கொடுங்கல்லூரா, கண்ணகி வேங்கை மரத்தடியில் நின்ற குன்று எது, சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் நாம் ஏறிப் போகும் மங்கலதேவிக் கண்ணகி கோட்டம் யாருக்கு உரியது என்ற பேச்செல்லாம் நம் ஊர் டீக்கடைகளில் ஓயாமல் நடக்கும். ஊர்ப்பற்றில் தவறில்லை. ஆனால் பாத்திரத்தையும் மொழியையும் கேட்ட வினாவுக்கு அவை விடையாகா. இரண்டு பக்கம் வீணாகும்.

எழுதும்போது, தொடக்கப் பத்தியிலேயே உங்கள் கருத்தை ஒரே வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு பத்தியிலும் ஓரடியாவது மேற்கோளாக இருக்கட்டும், மேற்கோளுக்குப் பின் அதைப் போல் இரு மடங்கு உங்கள் விளக்கம் இருக்கட்டும். மேற்கோள் மட்டும் நீண்டு விளக்கம் குறைந்தால் மனப்பாடம் தெரியும், ஆய்வு தெரியாது. "அழகாகக் கூறியுள்ளார்", "சிறப்பாக எடுத்துரைக்கிறார்" என்ற தொடர்களை எழுதி முடித்தபின் தேடித்தேடி அடித்துவிடுங்கள்.

பயிற்சிக்கு வழக்குரை காதையையே திரும்பவும் எடுக்க வேண்டாம். புறஞ்சேரி இறுத்த காதையில், "அடிகள் முன்னர் யான் அடி வீழ்ந்தேன்" என்று தொடங்கும் மாதவியின் கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில அடிகளே உள்ள அந்த முடங்கலில் கோவலன் பெயரும் இல்லை, மாதவி பெயரும் இல்லை. பெற்றோர்க்குச் செய்ய வேண்டிய பணியை விட்டு, குலமகளோடு இரவில் ஊரை விட்டுப் போனதற்குத் தன் பிழை என்ன என்று தெரியாமல் வருந்துவதாக மட்டும் இருக்கிறது. அதைப் படித்த கோவலன், பிழை அவளுடையதன்று, தன்னுடையதே என்று உணர்கிறான். உணர்ந்தவன் அதற்கு மறுமொழி எழுதாமல், இந்த வாசகம் என் பெற்றோருக்கு நான் எழுதுவதற்கும் பொருந்துகிறது என்று சொல்லி, அதே ஓலையை, அதைக் கொண்டுவந்த கௌசிகன் கையில் கொடுத்து அவர்களுக்கே அனுப்பிவிடுகிறான். மாதவி தேர்ந்தெடுத்த சொற்களில் எவை ஓலை கைமாறுவதற்கு இடம் கொடுத்தன, மறுமொழி எழுதாமல் விட்டது கோவலனைப் பற்றி என்ன சொல்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் இரண்டு பக்கத்தில் விடை எழுதி அனுப்புங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.